அம்மாவின் பில்டரில் விழுந்த ஒடுக்கு

அன்புள்ள தம்பிக்கு, நைனா எழுதிக்கொள்வது.

உன் கடுதாசி போன வெள்ளிக்கிழமையே கைக்கு வந்துவிட்டது. மறுநாளே பதில் போடாததற்குக் கடை வேலை என்று சாக்குச் சொல்லலாம். சொன்னால் நீயும் நம்புவாய். வேலை ஒன்றும் இல்லை. காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக ஆறு நாளைக் கடத்திவிட்டேன். நீ கேட்டது இரண்டே காரியம். அம்மாவின் பித்தளை பில்டரில் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் மேல் சரியாக உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, டிகாக்ஷன் வெளியே வழிகிறது, அம்மா அதை எப்படிச் சமாளித்தாள் என்பது ஒன்று. மாதுங்காவில் உன் கட்டடத்தில் இருக்கும் மதராஸ்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம் உன் அறையில் காப்பி குடித்துப் பார்த்துவிட்டு நம் கடைத் தூளுக்கு ஆசைப்படுகிறார்கள், சுத்தமான சரக்கு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், பத்து ராத்தல் பார்சல் போடுங்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் வேடிக்கையாக ஒரு வரி எழுதியிருந்தாய்: 'அந்தத் திருட்டுப் பூனை செய்த வேலைக்கு நான் பம்பாயில் அனுபவிக்கிறேன்.' என்னை ஆறு நாள் உட்கார வைத்தது அந்த வரிதான்.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் பாத்திரத்தின் அடி விளிம்பில் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருக்கிறது அல்லவா, அங்கேதான் இடைவெளி. பழைய மல் துணியில் விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள். அதைக் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒடுக்கு வருகிற இடத்தில் மட்டும் இரண்டாக மடித்துக் கொடு. பிறகு மேல் பாத்திரத்தை வைத்து அமுக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் கெட்டியாக உட்கார்ந்துவிடும். தூளைப் போட்டு அமுக்காதே. தட்டிச் சமன் செய்தால் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்து அடங்கிய பிறகு, நடுவில் கொட்டாமல் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கொஞ்சமாக ஊற்று. தூள் நனைந்து மேலே எழும்பும். அது அடங்கும் வரை நின்று, அப்புறம் மீதியை ஊற்றி மூடிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வா. அவசரப்பட்டுத் தட்டினால் மண்டிதான் இறங்கும். இதையெல்லாம் இருபத்தைந்து வருஷமாகக் காப்பித் தூள் விற்கிறவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. போன சனிக்கிழமை நம் கடைக்குக் கொட்டை பொறுக்க வரும் கன்னியம்மாள் செய்து காட்டி நான் தெரிந்துகொண்டது இது. அதுவரை என் கையால் ஒரு தரம்கூடத் தூளின் மேல் தண்ணீர் ஊற்றியது கிடையாது.

இனி பூனை. தம்பி, அந்தப் பூனை பில்டரைத் தட்டிவிடவில்லை. நான்தான் எறிந்தேன்.

அதற்கு நான் வியாபாரம் செய்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும். சைதாப்பேட்டையில் ஒண்டிக் குடித்தனமாக இருந்த காலத்தில் தகர டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் வரைக்கும் நடப்பேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அப்போது பாதி வீடுகளில் தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டுவார்கள். கஷாயம் போல இருக்கும். கொதிக்க வைக்காதீர்கள், மேலே ஊற்றி வடிய விடுங்கள் என்று கொல்லைப்புறத்தில் நின்று நான் பாடம் சொல்வேன். பெண்கள் ஆச்சரியமாகக் கேட்பார்கள். அந்தப் பாடம் அத்தனையும் உன் அம்மா அடுப்பங்கரையில் தானாகக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னது. அவள் பெயரை நான் ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. இது சின்னத் திருட்டு. பெரியது பின்னால் வருகிறது.

கச்சேரி ரோட்டில் கடை வைத்து, பின்கட்டில் நாம் குடிவந்த இரண்டாம் வருஷத்திலிருந்து நான் தூளில் கலக்க ஆரம்பித்தேன். சிக்கரி கொஞ்சம், வறுத்து இடித்த புளியங்கொட்டை நிறைய. கொட்டை விலை ஏறிப் போனது, போட்டிக் கடைக்காரன் குறைத்து விற்றான் என்று அன்றைக்குக் காரணம் வைத்திருந்தேன். அடுத்த வருஷம் விலை இறங்கியது, நான் கலப்பதை நிறுத்தவில்லை. புளியங்கொட்டை கலந்தால் டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக வரும். ஆனால் பில்டரில் அடைத்துக்கொண்டு சீக்கிரம் இறங்காது. 'இறங்கவே மாட்டேங்குதே' என்று யாராவது கேட்டால், சரக்கு கெட்டி என்பதற்கு அதுதான் அடையாளம் என்பேன். நம்பினார்கள். நீயும் சின்ன வயசில் கடையில் நின்றுகொண்டு அதே வசனத்தைச் சொல்லியிருக்கிறாய். நான் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு மட்டும் தனியாகக் குடகுக் கொட்டை. அம்மாவும் கன்னியம்மாளும் முறத்தில் போட்டுப் பொறுக்கி எடுத்த உருண்டைக் கொட்டையைத் தனியே வறுத்து, தனி டின்னில் வைப்போம். அந்த டின்தான் என் தூண்டில். மாட வீதியில் நம் வீட்டில் கை நனைக்காதவர்களுக்கு அதிலிருந்து ஒரு பொட்டலம் மாதிரிக்குக் கொடுப்பேன், அவர்கள் தங்கள் வீட்டில் போட்டுக் குடித்துப் பார்ப்பார்கள். மற்றவர்களைப் பின்கட்டுக்கே அழைத்து வந்து உட்கார வைத்து, உள்ளே பார்த்து ஒரு காப்பி என்று குரல் கொடுப்பேன். குடித்தவன் யாரும் வாங்காமல் போனதில்லை. வாங்கிக்கொண்டு போவது கடை டின்னிலிருந்து. முதல் வாரம் ருசி வித்தியாசமாக இருக்கும். தங்கள் கைப்பக்குவம் போதவில்லை என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். மனுஷனுடைய இந்தக் குணத்தை வைத்துத்தான் நான் மேலே வந்தேன்.

உனக்கு எட்டு வயசு இருக்கும்போது, மாம்பலத்தில் புதுத் தெருக்கள் போட்டு வீடு எழும்பிக்கொண்டிருந்த சமயம், அங்கே வேலை எடுத்திருந்த ஒரு கண்டிராக்டர் வந்தார். மகள் கல்யாணம், நாலு நாளைக்குக் காப்பி, அதற்கப்புறம் அவருடைய சிநேகிதர்கள் வீடுகள் என்று பெரிய வாசல் திறக்கிற மாதிரி இருந்தது. பின்கட்டில் உட்கார வைத்தேன். அம்மா போட்டுக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு மனுஷன் கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் கேட்காமல் கதவுப் பக்கம் திரும்பி அவளையே கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இந்தத் தூள்தானே கல்யாணத்துக்கு வரும்?"

உள்ளே இருந்து உன் அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இது வீட்டுத் தூளுங்க. கடையில விக்கிறது வேற."

நான் சிரித்தேன். கடையும் வீடும் ஒன்றுதானே, அவளுக்கு என்ன தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவர் டம்ளரைக் காலியாக்கி மரியாதையாக வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று எழுந்து போனார். சொல்லி அனுப்பவில்லை.

அவர் தலை மறைந்ததும் நான் அடுப்பங்கரைக்குள் போனேன். அந்த வீட்டில் நான் அங்கே நுழைந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை; பில்டரை எடுத்துச் சுவரில் எறிந்தேன். டிகாக்ஷனும் மண்டியுமாகச் சுவர் முழுக்க வழிந்தது. அவள் மேல் எறியவில்லையே என்று இத்தனை வருஷம் எனக்கு நானே நல்ல பெயர் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஒரு முழம்தான், தம்பி.

சத்தம் கேட்டு நீ ஓடி வந்தாய். என்ன சத்தம் என்று கேட்டாய். "பூனை தட்டிவிட்டுச்சுடா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். நீ கெட்டிக்காரப் பிள்ளை, அத்தோடு விடவில்லை. அவ்வளவு உயரத்துக்குப் பூனை எப்படி ஏறியது, ஏறினால் பால் பாத்திரத்தை விட்டுவிட்டு பில்டரை ஏன் தட்டுகிறது என்று இரண்டு நாள் துளைத்து எடுத்தாய். பேச்சு அடங்க வேண்டும் என்று மூன்றாம் நாள் அந்தப் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். உன் கைச்சோற்றில் வளர்ந்த பூனை. நீ சாப்பிடாமல் அழுதாய். திருட்டுப் பூனைக்கு அழுவாயா என்று உன்னை அதட்டினேன். அன்றையிலிருந்து இன்றுவரை உனக்கு அது திருட்டுப் பூனைதான்.

புது பில்டர் வாங்கித் தருகிறேன் என்றேன், இதுவே போதும் என்றாள். பாத்திரக்காரனிடம் கொடுத்து ஒடுக்காவது எடுக்கலாம் என்றேன், இருக்கட்டும் என்றாள். ஊமையாக இருந்து என்னைப் பழிவாங்குகிறாள் என்று கொஞ்ச நாள் கோபமாக இருந்தது, பிறகு மறந்துபோயிற்று. தினமும் காலையில் முதல் டிகாக்ஷனில் கலந்த காப்பி என் முன்னால் வந்துவிடும். வருகிற காப்பியை மட்டுமே நான் பார்த்தேன்.

இப்போது சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன பிறகு காப்பியும் சாப்பாடும் உன் அத்தை வீட்டிலிருந்து வருகிறது. கூஜாவில் வருவதைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். நம் வீட்டு அடுப்பு எரிந்து வருஷமாகியிருந்தது. உன் கடுதாசிக்குப் பதில் தெரியாததால், கொட்டை பொறுக்க வந்த கன்னியம்மாளைக் கேட்டேன். நொச்சிக்குப்பத்திலிருந்து பதினெட்டு வருஷமாக வருகிறவள், அம்மாவோடு முறத்துக்கு முறம் உட்கார்ந்தவள், அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மொதலாளி, ஊருக்கே காப்பி குடுக்கறீங்கோ, இது தெரியாதா?"

அவளே ஒரு துணி நாடாவைக் கிழித்து, என் கூஜா மூடியில் சுற்றி எப்படி என்று காட்டினாள். காட்டி முடித்துவிட்டு, நான் எல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று எண்ணினாளோ என்னவோ, அடுப்பங்கரை மேல் பலகையில் கையை விட்டு ஒரு பழைய தகரக் குவளையும், சாயம் ஏறிக் கறுத்த ஒரு வடிகட்டித் துணியும், நம் கடைச் சீட்டு ஒட்டிய ஒரு சின்ன டின்னும் எடுத்து என் முன்னால் வைத்தாள். இது அம்மாவோடது என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பெண்கள் வழக்கம் போல அவளும் இரண்டாம் டிகாக்ஷன் குடித்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதிலும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. கன்னியம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பில்டரில் அம்மா போடுவது உனக்கும் எனக்கும் மட்டுமாம். தனக்குக் கடைத் தூள், இந்தத் துணியில் தனியாக வடித்து. பில்டர் சுவரில் பட்ட அந்த வாரத்திலிருந்து, படுக்கையில் விழும் வரைக்கும்.

ஏன் என்று நீ கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டேன். 'ஊரு குடிக்கிறத நானும் குடிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது கன்னிம்மா'ன்னாங்கோ. நானும் அவங்களும் அதத்தான் குடிச்சிக்கினு இருந்தோம்."

பதின்மூன்று வருஷம் தம்பி. என்னோடு ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. நான் விற்றதை வாங்கியவர்களோடு தானும் ஒருத்தியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்தடி தூரத்தில் இது நடந்திருக்கிறது. ராத்தலுக்கு எத்தனை கொட்டை சொத்தை என்று கண்ணால் பார்த்துச் சொல்லுகிறவன், பெண்டாட்டி என்ன குடிக்கிறாள் என்று பார்க்கவில்லை. உனக்கும் இனி ஒரு பெண் பார்க்கத்தான் போகிறோம். எனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இல்லை, ஆனாலும் இந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தினம் ஒரு தடவையாவது அடுப்பங்கரைக்குள் போ. அவள் தட்டிலும் டம்ளரிலும் என்ன இருக்கிறது என்று பார். அவளாக வந்து சொல்லுவாள் என்று இருந்துவிடாதே.

அன்றைக்கு உன் அத்தை வீட்டிலிருந்து வெந்நீரும் பாலும் வாங்கி வந்து, அந்தக் குவளையில் கடைத் தூளை வடித்துக் குடித்தேன். என் சரக்கை நான் வாயில் வைத்து எத்தனையோ வருஷமாகிறது. கறுப்பாக, கொழகொழவென்று நாக்கில் ஒட்டிக்கொண்டு, பின்தொண்டையில் தீய்ந்த வாடை. பாலும் சர்க்கரையும் எவ்வளவு போட்டாலும் அது போகவில்லை. பாதிக்கு மேல் இறங்கவில்லை எனக்கு.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீ ஊரிலிருந்து கொண்டுபோனது வீட்டுத் தூள். உன் கட்டடத்துக்காரர்கள் குடித்து ஆசைப்பட்டது அதற்குத்தான். நீ வாக்குக் கொடுத்திருப்பது கடைத் தூளுக்கு. உனக்குத் தெரியாமலே, நான் பின்கட்டில் செய்ததை நீ மாதுங்காவில் செய்துவிட்டாய். நான் வாயை மூடிக்கொண்டு பத்து ராத்தல் அனுப்பியிருந்தால் அவர்களும் தங்கள் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் கடுதாசியைப் படித்ததும் முதலில் எனக்குத் தோன்றியது அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்சல் கட்டக் கயிறுகூட எடுத்து வைத்துவிட்டேன். பூனை வரியைத் திரும்பப் படித்த பிறகுதான் கயிற்றைக் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து கடையில் இரண்டு டின் வைத்திருக்கிறேன். இது கலந்தது, இன்னது கலந்தது, இது கலக்காதது என்று வாயால் சொல்லியே கொடுக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும். கலக்காததை வாங்கிப் போன வடக்கு மாட வீதி மாமி ஒருத்தி மறுநாளே வந்து, "என்ன இது, டிகாக்ஷன் வெளிறிண்டு வரது, பழசையே கொடுத்துடுங்கோ" என்று கலந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் நாக்கையும் நான் கெடுத்து வைத்திருக்கிறேன். அதைத் திருப்ப எந்த டின்னிலும் மருந்து இல்லை.

உனக்கு அனுப்பப் போவது வீட்டுத் தூள், பத்து ராத்தல். கடைச் சீட்டு ஒட்டவில்லை. கடுதாசியை முன்னால் போட்டுவிட்டு, பார்சலை நாலு நாள் கழித்து அனுப்புகிறேன். எல்லாம் தெரிந்துகொண்டு நீ அதைக் கையில் வாங்க வேண்டும். உன் அப்பன் கடையில் என்ன விற்றான் என்பதை அவர்களிடம் சொல்லுவதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் எனக்குக் கோபம் வராது. பார்சலே வேண்டாம் என்று தோன்றினால் பிரிக்காமல் திருப்பிவிடு. பில்டர் உன்னிடம் இருக்கிறது. பம்பாயில் நல்ல பாத்திரக்காரர்கள் இருப்பார்கள், ஒடுக்கு எடுக்கச் சொன்னால் பத்து நிமிஷ வேலை. அம்மா எடுக்கவிடவில்லை என்பது உனக்கு இப்போது தெரியும். அதற்கு மேல் நான் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். நேற்றுக் காலை ஒரு புது பில்டர் வாங்கி வந்து, நம் வீட்டு அடுப்பை மூட்டி, வீட்டுத் தூளில் என் கையால் காப்பி போட்டேன். முதல் தடவை தூளை அமுக்கிவிட்டேன், ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. 'வழி வுடணும் மொதலாளி' என்று கன்னியம்மாள் வாசற்படியிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் தடவை சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாலைக் காய்ச்சிக் கலந்து, நான் குடிக்கிற டம்ளரிலேயே ஊற்றி அவளிடம் நீட்டினேன். இது உங்க டம்ளராச்சே என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். குடி என்றேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு வாய் குடித்தாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள்.

"இதத்தான் இத்தினி வருசமா நீங்கோ குடிச்சிக்கினு இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

பார்சல் திங்கட்கிழமை மெயிலில் வரும்.

உன் நைனா